தும்பிக்கை போட்ட ளை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடாமல் வெளியே போகாதே.

போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். போனில் நீயும் நானும் இரண்டு நிமிடம் மழையைப் பற்றிப் பேசுகிறோம், பிறகு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். மருமகள் குரலைக் கேட்டும் பல மாதம் ஆகிறது. வேலை இருக்கும்.

கேட்க வந்தது சின்ன விஷயம். ஆவணி கடைசியில் பெரிய அத்தை உனக்கு ஒரு கடிதம் எழுதினாள். உறையில் முகவரி எழுதித் தபாலில் சேர்த்தவன் நான். உன் தெருவின் பெயரில் ஆங்கில பி போல ஓர் எழுத்து வருகிறதல்லவா, அதை பி என்றே எழுதிவிட்டேன். அது பி இல்லை, இரண்டு எஸ் சேர்ந்தது என்று எதிர்வீட்டுப் பையன் போன வாரம்தான் சொன்னான். அந்த ஓர் எழுத்தால் கடிதம் ஜெர்மனியில் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

கிணற்றடி வழக்கு மறுபடி தள்ளிப் போயிருக்கிறது. சின்ன அத்தை வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேறு விசேஷம் இல்லை.

அத்தைக்கு 87 நடக்கிறது. இந்த வருட ஓய்வூதிய நேர்காணலுக்குக் கருவூலம் வரை அலைய வேண்டாம் என்று தபால்காரரையே வீட்டுக்கு வரவழைத்தேன். 70 ரூபாய் வாங்கிக்கொண்டு கருவியில் கைரேகை எடுத்தார். கட்டைவிரல் பதியவில்லை, ஆள்காட்டி விரலும் பதியவில்லை. "முப்பத்தெட்டு வருஷம் சாக்பீஸ் தேய்த்த விரல், அதில் என்ன ரேகை இருக்கும்" என்று சிரித்தாள். மோதிரவிரல் பதிந்தது. உயிரோடு இருப்பதாகச் சான்று வந்ததும் அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, ஜெர்மனியிலிருந்து கடிதம் வர எத்தனை நாள் ஆகும் என்பது. அவர் என்னைப் பார்த்தார். நான் வாசல் பக்கம் போய்விட்டேன்.

ஒருவேளை கடிதம் வந்தும் உனக்குப் படிக்க முடியவில்லையோ? 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகு பள்ளியில் புது எழுத்தைச் சொல்லிக்கொடுத்தாளே தவிர, சொந்தக் கடிதத்தில் இன்றுவரை பழைய எழுத்துத்தான். ஒட்டுவதற்கு முன் முதல் வரி மட்டும் என் கண்ணில் பட்டது. "என் தங்கப் பிள்ளைக்கு" என்று எழுதியிருந்தாள். தும்பிக்கை போட்ட ளை. உனக்கு அதைப் படிக்கத் தெரியும். திண்ணையில் மணலைப் பரப்பி அவளே கற்றுக்கொடுத்ததுதான்.

1992இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் மும்முரமாக நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டைப் பெண்களையெல்லாம் சைக்கிள் ஓட்டச் சொன்னார். அத்தைக்கு அப்போது 54 வயது. பகலில் பள்ளிக்கூடம், ராத்திரி கல்லுடைக்கும் பெண்களுக்கு அரிக்கேன் வெளிச்சத்தில் பாடம், விடியற்காலையில் வாடகைச் சைக்கிள். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவன் நீ. பிடித்திருக்கிறேன், பிடித்திருக்கிறேன் என்று கத்திக்கொண்டே கையை விட்டுவிட்டாய். அவள் பிள்ளையார் கோவில் வரை தனியாகப் போய்த்தான் விழுந்தாள். "விட்டது தெரியாமலே ஓட்டினேன் பார்" என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை.

உன் கல்லூரியின் முதல் வருடப் பணம் அவளுடைய பணிக்கொடையில் மிச்சம் இருந்தது. இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். சொல்லிவிட்டேன். நீ மறந்தவன் என்று சொல்ல வரவில்லை. முனிக்கில் வீடு வாங்கியதும் முதல் படத்தை அவளுக்குத்தான் அனுப்பினாய். அதைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறாள். ஆனாலும் நாலு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

இதைக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

1996இல் அவள் ஓய்வுபெற்றபோது பள்ளியில் விழா எடுத்தார்கள். நான் பேசினேன், நினைவிருக்கும். கடலை பறிப்புக் காலத்தில் கொல்லை கொல்லையாகப் போய்ப் பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வந்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்காகவே வாழ்ந்தவள், கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள் என்றும் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மாலையோடு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது உண்மை இல்லை. 1968இல் கீரனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் பெண் கேட்டு வந்தார். எதுவும் வேண்டாம் என்றார். அவளுக்கு அப்போது முப்பது. எனக்குப் பத்தொன்பது, திருச்சியில் படித்துக்கொண்டிருந்தேன். அவன் படிப்பு முடியட்டும் என்று தாத்தா சொல்லிவிட்டார். அக்கா எனக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதினாள். கடைசி வரி இது: "தம்பி, உனக்கு என்ன தோன்றுகிறது? மறைக்காமல் எழுது."

நான் பதில் எழுதினேன். மெஸ் பணம் கட்டக் கடைசித் தேதி பத்து என்று எழுதினேன். அந்த வரிக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆறாம் தேதியே மணியார்டர் வந்தது. எப்போதும் கீழ்ச்சீட்டில் "வேளைக்குச் சாப்பிடு" என்று எழுதியிருப்பாள். அந்த மாதம் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து மறுபடி எழுதினாள். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

உனக்கு என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் காட்டவில்லை. நேராகக் கேட்பது அவள் வழக்கம், அதனால் நேராகவே ஏதாவது கேட்டிருப்பாள். பதில் நன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு எழுது. கணினியில் அடிக்காதே. கறுப்பு மையில், பெரிய எழுத்தாக எழுது. தபால்காரர் நம் தெருவுக்கு வரப் பதினொன்றரை ஆகிறது, அவள் பத்து மணிக்கே திண்ணைக்கு வந்துவிடுகிறாள்.

காதை மூடிக்கொள்.

அப்பா

பின்குறிப்பு: இந்த உறையில் இரண்டு எஸ் போட்டிருக்கிறேன்.