மார்த்தாண்டம் பஸ்

மக்ளே,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னைக் கத்திவிட்டேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பில் இறங்காமல் சும்மா கடைசி ஸ்டாப் வரை போனேன் என்று நீ சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் அலமாரியைத் தூசி தட்டும்போது எம்.ஏ. படிக்கையில் வாங்கிய ‘மிஸஸ் டாலோவே’ கையில் அகப்பட்டது. வர்ஜீனியா வுல்ஃப் எழுதி 1925-இல் வந்த நாவல். அதில் டாலோவே அம்மாளின் மகள் எலிசபெத், 17 வயது, லண்டன் பஸ்ஸின் மேல்தட்டில் ஏறி உட்காருகிறாள். ஸ்ட்ராண்ட் தெரு வரை போக இன்னும் ஒரு பென்னியா? சரி, இந்தா. டாக்டர் ஆகலாமா, விவசாயம் பார்க்கலாமா, பார்லிமென்டுக்கே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான் நடக்கிறது. அப்புறம், நேரமாகிவிட்டது, இப்படித் தனியாகச் சுற்றினால் அம்மாவுக்குப் பிடிக்காது என்று திரும்பிவிடுகிறாள். படிக்கிற காலத்தில் அந்த அம்மா என் கண்ணிலேயே படவில்லை.

நம்ம ஊர் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ அதற்கு ஏறக்குறைய 40 வருஷம் கழித்து, 1964-இல் வந்தது. பனைவிளை ஊர்ப் பிள்ளை லிஸி பெரியவளானதும் வீட்டுக்குள்ளே அடங்க வேண்டியதாகிறது. அவளுக்கு ஏது பஸ்!

என் பயத்துக்கும் ஒரு புத்தகம் உண்டு. ஜீன் ரைஸின் ‘வாயேஜ் இன் தி டார்க்’, 1934. கரீபியன் தீவிலிருந்து இங்கிலாந்து வந்து நாடக மேடையில் கூட்டத்தோடு கோரஸ் ஆடும் சின்னப் பெண் அன்னா. குளிர், வாடகை அறை, கையில் காசில்லை. எலிசபெத்துக்கு அன்று சாயங்காலம் வீட்டில் விருந்து இருந்தது. நீ எலிசபெத் மாதிரிதான், எனக்குத்தான் ராத்திரியானால் அன்னா வந்து நிற்கிறாள்.

ஒன்று சொல்கிறேன், ஆச்சியிடம் உளறிவிடாதே. 1986-இல் கல்லூரி விட்டு நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினேன். நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்து கண்டக்டர் ‘தக்கலை, தக்கலை’ என்று கூப்பிடக் கூப்பிட, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மிச்சச் சில்லறைக்கு மார்த்தாண்டம் டிக்கெட். அங்கே ஒரு கடை வாசலில் தனியாக நின்று சாயா குடித்தேன், ஒரு பழம்பொரியும் தின்றேன். எண்ணெய்க் கையைத் துடைக்க ஒன்றும் இல்லாமல் நோட்டில் துடைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீட்டில் பஸ் பிரேக்டவுன் என்று சொல்லிவிட்டேன்.

நீ என்னிடம் பொய் சொல்லவில்லை. அதற்குத்தான் திட்டு வாங்கினாய்.

ஏத்தங்காய் உப்பேரி பார்சல் போட்டிருக்கிறேன். சரி, அந்தக் கடைசி ஸ்டாப்பில் என்ன இருந்தது? அன்றைக்கு நீ சொல்ல வந்தாய், நான்தான் விடவில்லை.

அம்மா