லியோனில் அடித்த வெள்ளி

அன்புள்ள மகனுக்கு,

ஆசிகள். குளிர் இன்னும் விடவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. வேலை ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டதையும் அவளிடமே சொல்லியிருக்கிறாய். அது உன் விருப்பம். நான் எழுத வந்தது காசைப் பற்றி.

கொங்கு நாட்டுப் புதையல்களில் கிடைக்கும் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி, நீ இருக்கும் லியோன் லுக்துனும் என்று வழங்கிய காலத்தில், கி.மு. 2 முதல் அங்கே அடித்து வெளியிட்ட ஒரே வகையைச் சேர்ந்தது. எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முகப்பில் வெற்றிமாலை சூடிய அகஸ்டஸ். அறுபதைக் கடந்தவருக்கு இளைஞனின் முகம் (அரசர்களுக்கு அது வாய்க்கிறது). பின்புறம் அவர் தத்தெடுத்த பேரன்மார் கேயஸும் லூசியஸும், நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும் இருக்க, ரோமானியரின் மேலங்கியான டோகா உடுத்தி நிற்கிறார்கள். மேலே, பூசகர் பதவி பெற்ற கேயஸுக்கு ஓர் அகப்பை, நிமித்தம் பார்க்கும் பதவி பெற்ற லூசியஸுக்கு ஒரு வளைகோல். கீழே தேய்ந்து கிடந்த பெயர்களைப் பள்ளிச் சீருடையோடு நின்று எனக்குப் படித்துக் காட்டியவன் நீ. அந்தக் கண்ணுக்கு இப்போது என் கடிதங்களைப் படிக்க நேரமிருக்கிறதா, தெரியவில்லை.

லூசியஸ் கி.பி. 2-இல் மார்செய்யில் இறந்தான். கேயஸ் கிழக்கே போயிருந்தான். கி.பி. 1 செப்டம்பர் 23 அன்று, 63 வயது நிறைந்த அகஸ்டஸ் அவனுக்கு எழுதிய கடிதம், பிற்கால ரோமானிய எழுத்தாளர் ஜெல்லியஸ் எடுத்தெழுதி வைத்ததால் தப்பியிருக்கிறது. நீ இல்லாத நாள்களில், அதிலும் இன்றைப் போன்ற நாள்களில், என் கண்கள் உன்னைத் தேடுகின்றன என்கிறார். எனக்கும் வரும் ஆவணியில் அதே வயது. பின்னர் ஆர்மீனியாவில் காயம்பட்ட கேயஸ், பொறுப்புகளைத் துறந்து சிரியாவிலேயே தங்கிவிட விரும்பியபோது, அகஸ்டஸ் வருந்தினாலும், இத்தாலிக்கு வந்து அங்கே விருப்பம்போல் இரு என்றே சொல்லியனுப்பினார். திரும்பும் வழியில், கி.பி. 4-இல், இன்றைய துருக்கியின் தென்கரையிலுள்ள லிமிராவில் அவன் இறந்தான். அம்மா படித்தால் அபசகுனம் என்பாள். காசின் கதை என்பதால் எழுதினேன், வேறொன்றும் நினைக்காதே.

சில காசுகளில் அகப்பையும் கோலும் இடம் மாறியிருக்கும். ஃபூர்வியேர் குன்றின் மேலுள்ள அருங்காட்சியகத்தில் இந்தக் காசு இருந்தால், எது எந்தப் பக்கம் என்று பார்த்து எழுது. அம்மாவிடம் சொல்லாமல் எனக்கே எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா