மாற்றுப் பணியின் சுமையை யார் அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியல் அறிமுகப் பாடம் எடுக்கும் மாணவர்கள் துறையின் ஆய்வுகளில் பங்கேற்க வேண்டும் என்ற நடைமுறை பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மதிப்பெண்ணைக் காட்டி மாணவர்களைச் சோதனை எலிகளாக்குகிறார்கள் என்று கட்டுரையாளர் சாடியிருக்கிறார். அந்நாட்டில் ஆய்வு மாணவனாக இருந்து அத்தகைய ஆய்வுகளை நடத்தியவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

விதி அவர் எழுதியிருக்கும் அளவுக்குக் கொடியதன்று. பங்கேற்பு பாடத்தின் கட்டாயமாகவோ கூடுதல் மதிப்பெண்ணுக்கான வாய்ப்பாகவோ இருந்தால், அதற்கு ஈடான வேறொரு பணியைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பை மாணவருக்கு அளிக்க வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைகளில் 8.04 ஆம் பிரிவு கூறுகிறது. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு (சிபிலிஸ்) மருத்துவம் செய்யாமல் வெறுமனே கண்காணித்து வந்த கொடுமை வெளிப்பட்ட பிறகு, 1974 இல் மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகள் பற்றிய சட்டமும், அவற்றுக்கான அடிப்படை நெறிகளைக் கூறும் பெல்மான்ட் அறிக்கை 1979 இலும் வந்தன. தன்விருப்பமின்றி எவரையும் ஆய்வுக்கு உட்படுத்தலாகாது என்ற கொள்கை அந்நாட்டில் அவற்றால்தான் வேரூன்றியது.

நடைமுறையில்தான் கோளாறு. ஒரு மணி நேர ஆய்வுக்கு ஒரு கிரெடிட் (பங்கேற்புப் புள்ளி) என்பது பரவலான வழக்கம். கணினி முன் அமர்ந்து பொத்தான்களை அழுத்திவிட்டு வருபவருக்குக் கிடைக்கும் அதே கிரெடிட்டைப் பெற, பங்கேற்க விரும்பாதவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் பல பக்கங்கள் எழுத வேண்டியிருக்கிறது. புள்ளியியலே இன்னும் கற்காத முதலாண்டு மாணவருக்கு அது ஒரு மணி நேர வேலையா? எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று ஒப்புதல் படிவத்தில் அச்சிட்டிருந்தாலும், விலகினால் காத்திருக்கும் சுமையை எண்ணி ஆய்வில் பங்கேற்பவர் வாய்திறவாமல் உட்கார்ந்திருப்பார்.

பிளஸ் டூ முடித்த கையோடு இங்கிருந்து செல்லும் பிள்ளைகளில் சிலருக்கு 18 வயது நிறைந்திருக்காது. அவர்கள் பங்கேற்கப் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அந்தத் தொல்லையைத் தவிர்க்கப் பல துறைகள் அவர்களை ஆய்விலிருந்தே விலக்கி, எழுத்துப் பணியைத் தலையில் கட்டிவிடுகின்றன. விருப்பத் தேர்வு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

ஆய்வு முடிந்ததும் அதன் நோக்கத்தை விளக்கிச் சொல்வதும் நெறிமுறைதான். பங்கேற்பு ஒரு கல்வி அனுபவம் என்று துறைகள் வாதிடுவதே இந்த விளக்கத்தை நம்பித்தான். அச்சடித்த தாள் ஒன்றை நீட்டிவிட்டு அடுத்தவரை அழைக்கும் ஆய்வுக்கூடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி மாணவர்களை மட்டும் ஆராய்ந்துவிட்டு மனித இனத்துக்கே பொதுமுடிவு சொல்வதாகக் கட்டுரையாளர் கூறும் குறை உண்மையே. உளவியலாளர் குவின் மெக்நெமர் 1946 லேயே அதைச் சுட்டினார். ஹென்ரிக் முதலிய ஆய்வாளர் மூவர் 2010 இல் விரிவாக எழுதினர். எனினும் அது அறிவியலின் தரம் பற்றிய கேள்வி. மாணவர் உரிமையோடு அதைக் குழப்ப வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வு கடினமன்று. ஒவ்வோர் ஆய்வையும் முன்னோட்டமாகச் சிலரைக் கொண்டு நடத்தி, ஆகும் நேரத்தை அளந்துதான் எத்தனை கிரெடிட் என்று நாங்கள் முடிவு செய்தோம். மாற்றுப் பணிக்கும் அவ்வாறே அளந்தீர்களா என்று ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எந்த ஆய்வு நெறிக்குழுவும் எங்களைக் கேட்டதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.