ஓட்டையா, இணையா?

அன்புள்ள செல்வம்,

உன் மீக்கடத்திச் சந்தியின் (நடுவில் மெல்லிய ஆக்சைடுத் தடை வைத்த இரண்டு அலுமினியப் படலங்கள்) மின்னோட்ட வரைபடம் கிடைத்தது. மின்னழுத்தமே இல்லாமல் 30 நானோஆம்பியர் ஓடுகிறதே, இது கூப்பர் இணைகளா (மீக்கடத்தியில் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடும் எலக்ட்ரான்கள்), ஆக்சைடில் விழுந்த ஓட்டை வழியே உலோகங்கள் தொட்டுக்கொண்டதா என்று கேட்டிருக்கிறாய். நியாயமான சந்தேகம். மீக்கடத்திகளில் எலக்ட்ரான் ஊடுருவலை முதலில் அளந்த ஜியாவர் செய்த சந்திகளிலும் இந்த மின்னோட்டம் தெரிந்தது. அவர் ஷார்ட் என்று விட்டுவிட்டார். ஓர் எலக்ட்ரான் தடையை ஊடுருவுவதே அரிது, இரண்டு சேர்ந்து போவது அரிதிலும் அரிது என்றுதான் யாருக்கும் தோன்றும். 1962-இல் இணைகளும் ஊடுருவும் என்று ஜோசப்சன் கணக்குப் போட்டுக் காட்டியபோது, மீக்கடத்தல் கோட்பாட்டை வகுத்தவர்களில் ஒருவரான பார்டீனே மறுத்தார். ஆனால் இணைகள் எல்லாம் ஒரே அலையாக ஒத்து நடக்கின்றன. அதனால் ஒற்றை எலக்ட்ரான்களுக்கு நிகரான மின்னோட்டம் வருகிறது. எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இது.

அலுமினியத்தில் மின்னழுத்தமின்றி ஓடும் உச்ச மின்னோட்டத்தை இயல்புநிலை (மீக்கடத்தாத நிலை) மின்தடையால் பெருக்கினால் சுமார் 280 மைக்ரோவோல்ட் வர வேண்டும். உன் 7 கிலோஓம் சந்திக்கு 40 நானோஆம்பியர். 30 வந்ததில் தவறில்லை: தடைக்கு இருபுறமும் உள்ள இணைகளைக் கட்டும் பிணைப்பின் ஆற்றல் 1 கெல்வின் வெப்பத்துக்குத்தான் சமம். அறை வெப்பத்தில் உள்ள மேல்பகுதியிலிருந்து கம்பி வழியே இறங்கும் மின் இரைச்சலே சந்தியை முன்கூட்டி மின்னழுத்த நிலைக்குத் தாவ வைத்துவிடும். வடிகட்டிகளைப் பார்.

ஆனால் ஓட்டை இருந்தால் மின்தடையும் கூடவே குறையும், ஆகவே பெருக்கலை மட்டும் நம்பாதே. 0.36 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இணையை உடைக்க ஆற்றல் போதாது, ஒற்றை எலக்ட்ரான் ஓடக் கூடாது. அங்கே கோடு சாய்ந்து ஏறினால் கசிவுதான்.

ஆண்டர்சனும் ரோவலும் 1963-இல் சிறு காந்தப்புலமே இந்த மின்னோட்டத்தைக் குறைப்பதைக் காட்டித்தான் நம்பவைத்தார்கள். உன் 200 நானோமீட்டர் சந்திக்குள் ஒரு காந்தப்பாய அலகை (பாயக் குவாண்டம்) நுழைக்க 100 மில்லிடெஸ்லா அளவில் வேண்டும். அலுமினியம் அதைத் தாங்குவது சந்தேகம். அதற்குப் பதில் ஒத்த சந்திகள் இரண்டை 10 மைக்ரோமீட்டர் சதுர வளையத்தில் வை. 20 மைக்ரோடெஸ்லாவுக்கு ஒருமுறை மின்னோட்டம் ஏறி இறங்கும், கிட்டத்தட்டச் சுழியம் வரை. உலோகப் பாலமாக இருந்தால் அவ்வளவு ஆழமாக இறங்காது. பூமியின் புலமே அதைவிடப் பெரிது, மறைப்புக் கவசம் கட்டாயம்.

அடுத்த முறை செய்யும்போது முதல் படலம் 30 நானோமீட்டர் என்றால் இரண்டாவதை 60 வை. இல்லாவிட்டால் முதல் படலத்தின் விளிம்பில் ஏறும்போது அறுந்துவிடும். படிய வைக்கும் முன் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் ரெசிஸ்ட் (வடிவம் வரையும் பூச்சு) மிச்சத்தைத் துடைத்துவிடு. மணிக்கட்டுப் பட்டையைப் பூமியோடு இணைக்காமல் முனையைத் தொடாதே, ஒரு பொறி போதும் சந்தி கருக.

வளையத்தின் வரைபடம் வந்ததும் அனுப்பு. பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
முரளி