வியாழக்கிழமை லாரியை மறுபடி அனுப்புங்கள்

மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) அறிவிப்புப் பலகைகளில் உங்கள் சுற்றறிக்கை ஒட்டப்பட்டு மூன்று வாரமாகிறது. தழைக்குப்பை ஏற்ற வியாழக்கிழமைதோறும் வந்த லாரி இனி வராது. இலை, கிளை, மட்டை எல்லாவற்றையும் வீட்டுக்காரர்களே ‘புகையில்லாத் தீத்தொட்டி’ வாங்கிப் பின்கட்டில் எரித்துக்கொள்ளலாம் என்கிறது அது. லாரி ஏன் நின்றது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அதற்குள் போகவில்லை. கேட்பது ஒன்றே: லாரியை மறுபடி அனுப்புங்கள்.

தீத்தொட்டியின் மேல் எங்களுக்குப் பகை இல்லை. தன் வேலையை அது நன்றாகவே செய்கிறது. இரட்டைச் சுவர் வைத்த எஃகுத் தொட்டி அது. அடித்துளைகளில் நுழையும் காற்றில் ஒரு பங்கு விறகுக்கு அடியில் போய்ச் சேரும். மறுபங்கு இரண்டு சுவருக்கும் நடுவே சூடேறிக்கொண்டே மேலே வந்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்ள துளைவரிசை வழியாகத் தீயின் தலைமேல் பாயும். புகை என்பது எரியாமல் தப்பிய வாயுவும் தாரும்தான். சூடான காற்று பட்டதும் அதுவும் பற்றிக்கொள்ளும். காய்ந்த விறகு போட்டு 10, 15 நிமிடம் பொறுத்தால் மேல்துளைகளில் சிறு சுடர்கள் வரிசையாகத் தெரியும், கண் கரிக்காது, கொஞ்சம் சாம்பல்தான் மிஞ்சும். மீன் சுடலாம், பொங்கல் வைக்கலாம். பானையை நேராக விளிம்பில் உட்கார வைக்கக் கூடாது. மேல்துளைச் சுடர் அடங்கிப் புகை கிளம்பிவிடும். ஒரு சாண் உயரமாவது தூக்கி நிறுத்தும் முக்காலி வேண்டும். சாதாரணக் குழியைவிட விறகு வேகமாகத் தீரும் என்பதும், வெப்பம் பக்கவாட்டில் வராமல் மேலேயே போகும் என்பதும் குறைகள்தாம். சமைக்கிறவருக்கு அவை பெரிதில்லை.

ஆனால் இத்தனை நன்மையும் ஒரே நிபந்தனையில் தொங்குகிறது. விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில் அதற்கே மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே கூரை போட்டுச் சில மாதம் வைக்க வேண்டும். உங்கள் அறிவிப்பு எரிக்கச் சொல்வது நேற்று வெட்டிய மாங்கிளையையும் வாழை இலையையும் தென்னை மட்டையையும்.

பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இருக்கும் ஊர் இது. புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே பச்சைக் கட்டையைக் காற்றை அடக்கி எரித்தது எதற்காக? புகை வேண்டும் என்பதற்காக. கூடத்தின் சூடு 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்காத அளவுக்குப் புகை ஏற வேண்டும். ஈரமும் காற்றுக் குறைவும் சேர்ந்தால் புகை வரும் என்பது எங்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்த பாடம். பச்சைத் தழை போட்ட தீத்தொட்டியில் அதே இரண்டும்தான் சேர்கின்றன.

கணக்கைப் பாருங்கள். புதிதாக வெட்டிய 20 கிலோ தழையில் 12 கிலோ வரை தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 2 கிலோ காய்ந்த விறகின் வெப்பம் முழுவதும் செலவாகும். தீயின் சூடு இறங்கிவிடும். புகை வாயு பற்ற ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும். அது கிடைக்காதபோது மேல்துளைக்காற்று புகையை எரிக்காமல் வெளியே தள்ளும். இலை படிந்து பாய்போல் ஒட்டி அடித்துளைகளை அடைக்கும். பச்சை மூங்கில் வெடித்துத் தணல் சிதறும். அளவும் போதாது. 50 செ.மீ. விட்டமுள்ள தொட்டியில் மேல்துளைக்குக் கீழே 20, 22 செ.மீ. வரைதான் நிரப்பலாம். அது 40 லிட்டர் சொச்சம். ஒரு மாமரத்தைக் கழித்து 2 கன மீட்டர் தழை விழுந்தால், 50 தடவை நிரப்பி எரிக்க வேண்டும். லாரி இதைப் பத்து நிமிடத்தில் ஏற்றிக்கொண்டு போனது.

இதைவிடக் கவலை தருவது சட்டம். மலேசியாவின் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. திறந்தவெளி எரிப்பு எது என்பதையும் அந்தச் சட்டமே சொல்கிறது: வெளிக்காற்றில் நடக்கும், புகைபோக்கி வழியாகப் போகாத எந்தத் தீயும், எந்தக் கனலும். புகை வருகிறதா இல்லையா என்ற கேள்வியே அதில் இல்லை. தீத்தொட்டிக்குப் புகைபோக்கியும் கிடையாது. 2024 திருத்தத்திற்குப் பிறகு உச்ச அபராதம் 10 லட்சம் வெள்ளி (ரிங்கிட்). சமயச் சடங்கு, வெளியில் உணவு வாட்டுதல் போன்றவற்றுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. தாமான் வீட்டுத் தழைக்குப்பை எந்த விலக்கின்கீழ் வருகிறது, சுற்றுச்சூழல் துறையிடம் கேட்டீர்களா என்று உங்கள் அறிவிப்பில் ஒரு வரி இல்லை. நாளை அபராதக் கடிதம் வந்தால் அது வீட்டில் குடியிருப்பவர் பெயருக்கு வரும். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் பெயருக்கு வராது.

எரிக்காமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். லாரி நின்றபின் பின்சந்தில் தழை குவிகிறது. வாழை மட்டைக் குழிவிலும் தேங்காய்த் தொட்டியிலும் மழைநீர் தேங்குகிறது. ஒரு வாரம் பத்து நாளில் டெங்கி பரப்பும் ஏடிஸ் முட்டை கொசுவாகிவிடும். சுகாதார அதிகாரி வந்து டார்ச் அடித்துப் பார்த்துப் புழுவைக் கண்டால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் 500 வெள்ளி சம்மன். எரித்தால் ஒரு சட்டம் பிடிக்கிறது, எரிக்காவிட்டால் இன்னொரு சட்டம் பிடிக்கிறது. தினக்கூலிக்குச் செம்பனைக் (எண்ணெய்ப்பனைக்) குலை வெட்டும் குடும்பத்தை இப்படி இரண்டுக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தத் தீத்தொட்டியே ஒரு கொசுப்பண்ணை என்பதையும் சொல்லிவிடுகிறோம். பல தொட்டிகளின் அடித்தட்டில் வடிதுளை இல்லை. மூடி போடாமல் ஒரு மழையில் விட்டால் இரட்டைச் சுவருக்குள் நீர் நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

பின்கட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மலிவுவிலை வரிசை வீடுகளின் பின்கட்டு 10 அடி. அதிலும் பாதிக்கு மேல் ஓனிங் கூரை போட்டாயிற்று. அதன் கீழே துணிக்கொடி, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, சமையலறைக் கதவோரம் 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்). தீத்தொட்டியைச் சுற்றியும் மேலேயும் குறைந்தது 10 அடி வெற்றிடம் வேண்டும். எந்த வீட்டில் அந்த இடம் இருக்கிறது? பின்சந்துக்கு எதிர்ப்பக்கமும் சமையலறை ஜன்னல்கள்தாம். இரண்டு வரிசைக்கும் நடுவே காற்று சுழலும், புகை மேலே போகாது. இளைப்பு உள்ள குழந்தையும், நெபுலைசர் வைத்துக்கொண்டிருக்கும் முதியவரும் அந்த ஜன்னல்களுக்குப் பின்னால்தான் படுத்திருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் புகை.

இன்னொரு ஆபத்தும் வரப்போகிறது. நல்ல எஃகுத் தொட்டி சில நூறு வெள்ளி. அதைக் கொடுக்க முடியாதவர்கள் 200 லிட்டர் பழைய இரும்புத் தோம்பை (பீப்பாயை) கிரைண்டரில் வெட்டித் துளை போடுவார்கள். எண்ணெய் இருந்த தோம்பில் மிஞ்சிய ஆவி வெட்டும்போதே வெடிக்கக்கூடும். களைக்கொல்லி, பூச்சிமருந்து இருந்த தோம்பை எத்தனை தடவை கழுவினாலும் தீயில் வைக்கக் கூடாது. துத்தநாகம் பூசிய தகரம் சூடேறினால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலையும் நெஞ்சு இறுக்கத்தையும் கொடுக்கும். உங்கள் அறிவிப்பில் இந்த எச்சரிக்கைகளில் ஒன்றுகூட இல்லை.

தோட்டங்களே எரிப்பதை விட்டுவிட்டன. மறுநடவில் செம்பனையைச் சாய்த்து, தண்டைச் சீவி, வரிசையோரம் பரப்பி மக்கவிடுகிறார்கள். வெட்டிய மட்டையை மரவரிசைகளுக்கு நடுவே அடுக்குகிறார்கள். லாப நட்டக் கணக்குப் பார்க்கும் தோட்ட நிர்வாகத்துக்கு முடிந்தது, ஆண்டுக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், மதிப்பீட்டு வரி வாங்கும் மன்றத்துக்கு முடியாதா? வரிக்கட்டணம் ஒரு காசு குறையவில்லை. தோட்டத்து லயத்தில் (வரிசைக் குடியிருப்பில்) இருந்தபோது குப்பைக்கு நிர்வாகம் பொறுப்பேற்றது. தாமானுக்கு வந்து, சொந்த வீட்டுக்குத் தவணை கட்டி, வரியும் கட்டியபின் குப்பையை நீங்களே கொளுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வது மனதைச் சுடுகிறது. சாலை விளக்கு, கால்வாய் அடைப்பு என்று சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. இந்த மடலில் வேண்டாம்.

தயவுசெய்து அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். லாரியை வாரம் ஒரு தடவை அனுப்புங்கள். ஒவ்வொரு வாரமும் முடியாவிட்டால், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று நாளைக் குறித்து, குறித்த நாளில் அனுப்புங்கள். கட்டி வைக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்: கிளையை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, கயிற்றால் கட்டி, தேங்காய்த் தொட்டியைக் கவிழ்த்து வைப்போம். லாரிச் செலவு பாரமென்றால், கிளை அரைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கித் தாமான்களுக்கு முறை வைத்து அனுப்புங்கள். அரைத்த தழையை ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவித்து, வாரம் ஒருமுறை புரட்டி, பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவு ஈரம் காத்தால் மூன்று நான்கு மாதத்தில் எருவாகும். பள்ளித் தோட்டங்களே அதை எடுத்துக்கொள்ளும்.

தீத்தொட்டி விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அதற்கு இப்படி ஒரு அறிவிப்பு போடுங்கள்: சமையலுக்கு மட்டும், காய்ந்த விறகு, தேங்காய்த் தொட்டி தவிர வேறெதுவும் போடக் கூடாது, ஒட்டுப்பலகை, வண்ணம் பூசிய கட்டை, பிளாஸ்டிக் கூடவே கூடாது, சிமெண்டுத் தரையில் செங்கல் பரப்பி அதன்மேல் வைக்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பற்றவைக்கக் கூடாது. 2013 ஜூனில் ஜொகூர் மாநிலத்து மூவாரில் குறியீடு 700-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, எழுத்தில் பதில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அதுவரை காத்திருக்க முடியாத நிலையில் பின்சந்து இருப்பதால், வரும் வியாழக்கிழமை ஒரு தடவையாவது லாரியை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
பின்சந்து வரிசை வீடுகளின் குடியிருப்பாளர்கள்