லீவை லீவாகவே கொடுங்கள்

திருப்பூர் ஏற்றுமதி கம்பெனி முதலாளிகளுக்கு,

வணக்கம். பதினோரு வருடமாக இந்த ஊரில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன்; வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரை ஓட்டுகிற வேலை. போன ஆகஸ்டில் ஒரு நேவி ப்ளூ லேப் டிப்புக்கு (சாயம் போட்ட மாதிரித் துணிக்கு) அப்ரூவல் கேட்டு ஜெர்மனி வாடிக்கையாளருக்கு மெயில் போட்டேன். அடுத்த நிமிடமே தானாக ஒரு பதில் வந்து விழுந்தது: மூன்று வாரம் விடுமுறை, அதுவரை மெயில் பார்க்க மாட்டேன். எங்கள் முதலாளிக்குக் கோபமே வரவில்லை. "ஆகஸ்ட்ல அவங்க அப்படித்தான்" என்று சிரித்துவிட்டு, சாயப்பட்டறைக்குத் தேதியைத் தள்ளிப் போடச் சொன்னார்.

அதே வாரம் செக்கிங் அக்கா, பேரனுக்குக் காதுகுத்து என்று மூன்று நாள் லீவு கேட்டார். "ஷிப்மென்ட் போகட்டும்க்கா" என்றார்கள். காலையில் காதுகுத்துக்குப் போனவர், சாயங்காலம் ஒரு டப்பா லட்டோடு ஓவர்டைமுக்கு வந்து நின்றார்.

ஜெர்மன் சட்டப்படி, வாரம் ஆறு நாள் வேலை பார்ப்பவருக்கு வருடத்துக்கு 24 நாள் சம்பளத்தோடு லீவு. பிரான்சில் 5 வாரம். இங்கே 1948 தொழிற்சாலைச் சட்டம் போட்ட கணக்கு 20 நாள் வேலைக்கு 1 நாள்; அதற்கும் வருடத்தில் 240 நாள் வந்திருக்க வேண்டும். 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆக்கியது, 20-க்கு 1 மட்டும் அப்படியே இருக்கிறது. 300 நாள் வந்தால் 15. அமெரிக்காவைக் காட்டாதீர்கள், அங்கே மத்திய சட்டம் ஒரு நாளைக்கூடக் கட்டாயமாக்கவில்லை.

சரி, 24 கேட்டு நான் சண்டைக்கு வரவில்லை. அந்த 15 எங்கே போகிறது? தீபாவளிக்கு போனஸ் கவரோடு காசாக வந்துவிடுகிறது. காசு கசக்குமா என்ன, நானும்தான் வாங்குகிறேன். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் இதைத்தான் தடுத்து வைத்திருக்கிறது: வேலையை விட்டு நிற்கும்போது தவிர, நான்கு வார லீவுக்குப் பதிலாகக் காசு கொடுக்கக் கூடாது. ஜப்பானில் ஆட்கள் லீவே எடுப்பதில்லை என்று, வருடத்துக்கு 5 நாளாவது எடுக்க வைப்பதை 2019-இல் முதலாளியின் பொறுப்பாகவே ஆக்கிவிட்டார்கள்.

வருட ஆரம்பத்திலேயே லைன் (தையல் வரிசை) வாரியாக லீவுப் பட்டியல் போடுங்கள். அப்ரூவல் வராமல் லைன் சும்மா கிடக்கும் ஆகஸ்ட் நாட்களை முதலில் அதில் சேருங்கள். ஜார்க்கண்ட் பையன்களுக்கு மொத்தமாகக் கொடுங்கள். ஊருக்குத் தன்பாத் ரயிலில் போகவே இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது; ஐந்து நாள் லீவில் அம்மா கையால் ஒருவேளை சாப்பிட்டுவிட்டு ரயிலேற வேண்டியதுதான். (காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கு இந்த 15-ம் கைக்கு வருவதில்லை. அதற்குத் தனி மடல்தான் எழுத வேண்டும்.)

அப்புறம், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போக அக்கா நான்கு நாள் கேட்டிருக்கிறார். 1948 சட்டம் சொன்னபடி 15 நாள் முன்னாலேயே எழுதியும் கொடுத்துவிட்டார். தாள் இன்னும் சூப்பர்வைசர் மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரிடம் வேலை பார்க்கும் மெர்ச்சண்டைசர்