தாக்கல் தேதிதான் தள்ளிப்போயிருக்கிறது, மீனாள்

சிவமயம்

காரைக்குடி
8.6.2025

அன்பு மகள் மீனாளுக்கு ஆத்தா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அப்பச்சிக்கு மூட்டுவலி தேவலை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

வெள்ளிக்கிழமை வருமான வரியைப் பற்றிக் கேட்டதற்கு, "செப்டம்பர் 15 வரைக்கும் தள்ளிட்டாங்க ஆத்தா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். போனில் பேசினால் இது பாதியில் நின்றுவிடும் என்றுதான் எழுதி, படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். உட்கார்ந்து ஒரு தடவை முழுசாகப் படி.

நீ சொன்ன தேதி சரிதான். ஜூலை 31-ல் முடிய வேண்டிய தாக்கலை, போன மாதம் 27-ந் தேதி செப்டம்பர் 15 என்று மாற்றி அறிவித்தார்கள். இந்த வருஷம் படிவங்களை நிறைய மாற்றியிருப்பதால் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தள்ளிப்போனது படிவம் கொடுக்கிற நாள்தான். பணம் கட்டுகிற நாள் வேறு. போன வருஷத்து வரி போன வருஷத்துக்குள்ளேயே, அதாவது இந்த மார்ச்சுக்குள்ளேயே, கட்டி முடித்திருக்க வேண்டியது. உனக்கு அதில் பாக்கி நிற்கிறது.

சம்பளத்தில் மாதாமாதம் ஆபீஸே பிடித்துவிடுவதால் உனக்கு இது தெரியாமல் போயிற்று. அப்பத்தா உன் பெயருக்கு எழுதிவைத்த 25 லட்சத்தை நினைத்துப் பார். பேங்க் டெபாசிட்டில் 7.2 சதவீதத்துக்குக் கிடக்கிறது. வருஷத்துக்கு 1,80,000 ரூபாய் வட்டி. வட்டி கைக்கு வரவில்லையே, முதலோடுதானே சேர்கிறது என்று நீ ஒரு தடவை கேட்டாய். முதலோடு சேர்ந்தாலும் அந்தந்த வருஷத்து வட்டி அந்தந்த வருஷத்து வருமானம்தான். பேங்கும் அப்படித்தான் வருஷாவருஷம் வட்டியிலேயே ஒரு பங்கை வரியாகப் பிடித்துவிடுகிறது, அதற்குத்தான் டி.டி.எஸ். என்று பெயர்.

அந்த டி.டி.எஸ்.ஸைப் பார்த்துத்தான் வரி முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பேங்க் பிடிப்பது நூற்றுக்குப் பத்துதான். 1,80,000-க்கு 18,000. உன் சம்பளம் 17 லட்சம். போன வருஷக் கணக்கில், புதிய வரி முறைப்படி, 15 லட்சத்துக்கு மேல் வருகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் 30 சதவீதம் வரி. வட்டி முழுவதும் அந்த உயரத்தில் போய் உட்காருகிறது. 54,000 வரி, அந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ் என்கிற கூடுதல் வரி, ஆக 56,160. பேங்க் பிடித்த 18,000 போக, 38,160 ரூபாய் நீ கையிலிருந்து கட்ட வேண்டியது.

பிடித்தது போக இப்படி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ நின்றால், அதை வருஷத்துக்குள்ளேயே நான்கு தவணையாக அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும் என்பது சட்டம். கட்டாவிட்டால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. உன் பாட்டையா மலேயாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து வட்டி பழகியவர். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வட்டி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள். நாள் கணக்குப் பார்த்துக் குறைக்கிற பழக்கம் இதில் கிடையாது. மாதத்தில் ஒரு நாள் தொட்டாலும் முழு மாத வட்டி.

நோட்டில் போட்டுப் பார்த்தேன். நான்கு தவணையும் தவறியதற்கு 1,923 ரூபாய். அது ஆனது ஆனதுதான், குறையாது. மார்ச் தாண்டியும் கட்டாததற்கு ஏப்ரலிலிருந்து மாதம் 381 ரூபாய் தனியாக ஓடுகிறது. இந்த மாதமே கட்டினால் மூன்று மாதத்துக்கு 1,143. செப்டம்பர் 15 வரை விட்டால் ஆறு மாதம், 2,286. தாக்கல் தேதியைத் தள்ளியவர்கள் இந்த வட்டியை நிறுத்தவில்லை. தொகை பெரிசில்லை என்று சொல்வாய். அப்பத்தா தன் சீர்ப்பணத்தைத் தொடாமல் பெருக்கி உனக்கு வைத்தது. அதில் ஒரு ரூபாய்கூட வீணாகப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

இந்த வருஷத்துக்கும் இப்போதே ஆரம்பமாகிவிட்டது. தவணைகள் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. தேதி மறந்தால் தமிழ் மாதத்தை வைத்துக்கொள். ஆனி பிறக்கும்போது ஒன்று, ஆவணி முடிகிறபோது ஒன்று, மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஒன்று, பங்குனி பிறக்கும்போது கடைசி. முதல் தவணைக்குள் வருஷ வரியில் 15 சதவீதம், இரண்டாவதில் மொத்தம் 45, மூன்றாவதில் 75, பங்குனியில் முழுவதும். மியூச்சுவல் ஃபண்ட் ஏதாவது விற்று லாபம் வந்தால் அதை முன்கூட்டியே யாரும் சொல்ல முடியாது. விற்ற பிறகு வருகிற தவணைகளில் சேர்த்துக் கட்டினால் வட்டி கிடையாது.

இந்த வருஷம் வரி விகிதத்தை மாற்றியிருக்கிறார்கள். 16-லிருந்து 20 லட்சம் வரை 20 சதவீதம். உன் வட்டி முழுவதும் அதற்குள் விழுகிறது. செஸ்ஸோடு 37,440, பேங்க் பிடிப்பது போக 19,440. அதில் 15 சதவீதம் 2,916. வரும் 15-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதுவரை காத்திருக்காமல் வெள்ளிக்குள் 3,000 ரூபாயாகக் கட்டிவிடு.

தவணையே வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. வட்டி வருமானம் இவ்வளவு என்று உன் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டால், அதற்கான வரியையும் சேர்த்துச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். உன்னைப் போல வேலை வேலை என்று இருக்கிறவர்களுக்கு என்னைக் கேட்டால் இதுதான் நல்லது.

எனக்கு இந்த நான்கு தவணை இல்லை. நான் செய்கிற பலகார வியாபாரத்துக்கு உத்தேச வருமானமாகக் காட்டுகிறேன். பேங்க் வழியாக வந்த விற்பனையில் நூற்றுக்கு 6, ரொக்கத்தில் வந்ததில் நூற்றுக்கு 8 லாபம் என்று காட்டினால் போதும், வரி முழுவதையும் மார்ச் 15-க்குள் ஒரே தடவையாகக் கட்டிவிடலாம். தை, மாசிக் கல்யாணங்களுக்கு மனகோலமும் அதிரசமும் போட்டுக் கொடுத்த பணம் அப்போது கையில் இருக்கும். ஆனாலும் அந்தப் பணத்தை நம்பி இருக்க மாட்டேன். ஒவ்வொரு ஆர்டர் பணம் வந்ததும் ஒரு பங்கை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுவேன், அது என் பணம் இல்லை என்று வைத்துக்கொண்டு. அப்பச்சிக்கு அதுவும் இல்லை. 60 வயது தாண்டி, வியாபார வருமானம் இல்லாமல் பென்ஷனும் வட்டியும் மட்டும் உள்ளவர்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் கிடையாது. தாக்கல் செய்யும்போது கட்டினால் போதும். அவரைப் பார்த்து நீயும் அப்படியே இருக்கலாம் என்று நினைத்திருப்பாயோ என்னவோ.

இனி கட்டுகிற விதம். வருமான வரி இணையதளத்தில் இ-பே டாக்ஸ் என்று இருக்கும். உனக்கு இப்போது இரண்டு சலான். மதிப்பீட்டு ஆண்டு என்பது வருமானம் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம். போன வருஷத்துப் பாக்கிக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26, வகை 300, அதாவது நாமே கணக்குப் போட்டுக் கட்டுகிற செல்ஃப் அசெஸ்மென்ட். வரியோடு நான் போட்ட இரண்டு வட்டியையும் சேர்த்து 41,226 ரூபாய். இந்த வருஷத்துத் தவணைக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27, வகை 100, அட்வான்ஸ் டாக்ஸ். இரண்டையும் ஒரே நாளில் கட்டுகிறபோது ஆண்டை மாற்றிப் போட்டுவிட்டால் பணம் ஒரு பக்கமும் பாக்கி ஒரு பக்கமுமாக நிற்கும். அதைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும்.

தாக்கலுக்கு அவசரமில்லை. சம்பளத்தில் பிடித்த வரிக்குச் சான்றான ஃபாரம் 16 ஆபீஸிலிருந்து இந்த 15-ந் தேதிக்குள் வந்துவிட வேண்டும். அப்புறம் உன் பெயரில் பிடித்த வரியையும் வந்த வருமானத்தையும் காட்டுகிற 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். என்கிற இரண்டு அறிக்கைகளையும் இணையதளத்திலிருந்து இறக்கி, பேங்க் காட்டியிருக்கிற வட்டியும் நீ போடுகிற வட்டியும் ஒன்றுதானா என்று பார். சேமிப்புக் கணக்கு வட்டியையும் விடாதே. தாக்கல் முடிந்ததும் 30 நாளைக்குள் ஆதார் ஓ.டி.பி. போட்டு உறுதி செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் தாக்கலே செய்யாத மாதிரிதான். செப்டம்பர் 15 தாண்டினால் டிசம்பர் 31 வரை கொடுக்கலாம், ஆனால் உன் வருமானத்துக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். வரிப் பாக்கி இருந்தால் அதற்கு இன்னொரு ஒரு வட்டியும் சேரும்.

புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுகிறேன். லேப்டாப்பைத் திறந்து, பான் நம்பரை எடுத்து வைத்துக்கொள். இரண்டு சலானையும் நான் லைனில் இருக்கும்போதே போட்டுவிடலாம். ஆண்டு கேட்கிற இடத்தில் எனக்கு ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் அழுத்து.

இப்படிக்கு,
ஆத்தா